டப்பட் கவரும் ஒயில் கசிவும்

மன்னார்த் தீவின் வடகரையில், பாக்கு நீரிணையைப் பார்த்தபடி அமைந்திருக்கும் எருக்கலம்பிட்டியில், இரும்பை நீண்டகாலம் இரும்பாக இருக்கவிடாத காற்று வருஷம் முழுவதும் வீசுகிறது. சோழகம் பெயரும் மாதங்களில் தெற்கேயுள்ள வளைகுடாவின் உவர்ப்பையும், வாடை பெயரும் மாதங்களில் வடக்கேயுள்ள நீரிணையின் உவர்ப்பையும் ஏந்திவரும் அக்காற்று, கூடவே கண்ணுக்குப் புலப்படாத நுண்மணலையும் கொணர்ந்து, வீட்டு வாசலில் நிற்கும் வாகனத்தின் சந்துபொந்துகளிலெல்லாம் படியவைத்துவிடுகிறது. கூரைத் தகடானாலும், சைக்கிள் சங்கிலியானாலும், கவனிப்பாரற்று விடப்பட்டால் சில வருஷங்களில் துருவாக உதிர்ந்துபோகும் இத்தகைய கரையோரத்தில், ஐம்பது அறுபது பிராயம் கடந்த எஞ்சின் ஒன்று இன்றும் முதல் உதைப்பிலேயே உயிர்பெறுகிறதென்றால், அது அதனை வைத்திருப்பவரின் சிரத்தைக்கும், கராஜில் அதற்கு வேலைசெய்பவரின் கைத்திறனுக்கும் கிடைத்த நற்சாட்சிப் பத்திரமே ஆகும்.

அத்தகைய எஞ்சின்களுக்கு நேரும் உபாதைகளுள் மிகவும் சாதாரணமானது எதுவோ, அதுவே மிகவும் தவறாக நிதானிக்கப்படுவதாகவும் இருக்கிறது. எஞ்சினின் தலைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் தகட்டு மூடியின் ஓரத்தில் ஒயில் கசிவதைத்தான் சொல்கிறேன். கராஜ்களில் அந்த மூடியை டப்பட் கவர் என்றும், மூடிக்கும் எஞ்சின் தலைக்கும் இடையே வைக்கும் மெல்லிய மெத்தையைப் பெக்கிங் என்றும் வழங்குவார்கள். கசிவைக் கண்டமாத்திரத்தில், “இன்னும் அரைச் சுற்று இறுக்கி விடுங்க, நானா” என்று வாகனக்காரர் சொல்ல, கராஜ்காரரும் அவர் மனம் கோணாதபடி இறுக்கிவிட, கசிவு சில நாட்கள் குறைந்தாற்போல் தோன்றி, பின்னர் முன்னிலும் அதிகமாகத் தலைகாட்டுவது எங்கும் நடக்கும் காரியம். கசிவு எங்கிருந்து, எதனால் வருகிறதென்று நிச்சயித்துக்கொண்ட பிறகே சாவியைக் கையில் எடுக்க வேண்டும் என்பதொன்றே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் விஷயம். ஏனையவை அதற்கு விளக்கங்கள்.

இலங்கையில் பழைய எஞ்சின் என்றவுடன் பலரின் நினைவுக்கும் வருவது மொறிஸ் மைனர் கார். அலெக் இஸிகோனிஸ் என்பவரின் கற்பனையில் உருவாகி 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த அக்காரின் முதல் எஞ்சினில் வால்வுகள் பக்கவாட்டில் இருந்தமையால், தலைமேல் இத்தகைய மூடிக்கே அவசியம் இருக்கவில்லை. 1952இல் ஒஸ்ரின் கம்பனியும் மொறிஸைச் சேர்ந்த நஃபீல்ட் தாபனமும் ஒன்றிணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் ஆயின. அதன் பின்னர், ஒஸ்ரின் ஏ30 காருக்காக முந்திய வருஷம் ஆக்கப்பட்டிருந்த ‘ஏ வரிசை’ எஞ்சின் மைனருக்குள்ளும் இடம்பிடித்தது. 803 சீசீயில் தொடங்கி, 1956இல் 948 ஆகவும் 1962இல் 1098 ஆகவும் பருத்த அந்த எஞ்சின், மைனர் காரின் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்றுபோன பின்னரும், மினி காரில் 2000ஆம் ஆண்டுவரை தொடர்ந்து செய்யப்பட்டு வந்தது. அதற்குரிய பெக்கிங்கும் புஷ்ஷும் இன்றும் கிடைப்பது இதனால்தான். 1990களில், பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றின் கூட்டு முயற்சியால், அக்காரின் தகட்டுப் பாகங்கள் நமது நாட்டிலேயே அடித்து உருவாக்கப்பட்டு, கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்பதை இளந்தலைமுறையினர் அறிந்திருக்க வேண்டும். பழைய வாகனத்தைப் பேணும் வித்தையில் இலங்கைக் கைகள் எவருக்கும் இளைத்தவை அல்ல.

காரை விட்டால், மன்னாரின் பெருநிலப்பரப்பில் கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள வயல்களுக்குத் தோழனாக இருந்துவரும் மசே பெர்கியூசன் 35, 135 உழவு இயந்திரங்களைச் சொல்ல வேண்டும். அவற்றிற் பலவற்றில் இருக்கும் பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கும் இதே விதமான மூடியும் இதே விதமான பெக்கிங்கும் உண்டு. வள்ளங்களிற் பூட்டும் பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் வால்வுகளும் இல்லை, மூடியும் இல்லை. ஆதலால் மீனவருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகப் பழக்கமில்லை.

மூடியின் கீழே நடப்பது இன்னதென்று விளங்கிக்கொண்டால், பாதி வைத்தியம் முடிந்துவிடும். எஞ்சினின் அடித்தொட்டியிற் கிடக்கும் ஒயிலைப் பம்ப் ஒன்று உறிஞ்சி, கிறாங்கின் தாங்கிகளுக்குப் பெரும் அழுத்தத்தோடு ஊட்டுகிறது. அதில் ஒரு சிறு பங்கு, எஞ்சினின் உடலுக்குள் துளைத்த வழியொன்றினால் மேலேறி, வால்வுகளைத் திறக்கும் ரொக்கர்களைக் கோத்து வைத்திருக்கும் தண்டினுள் புகுந்து, ஒவ்வொரு ரொக்கரின் அடியிலும் கசிந்து வெளிப்பட்டு, வால்வு நுனிகளையும் ஸ்பிரிங்குகளையும் நனைத்து, ரொக்கர்களை உந்தும் புஷ் ரொட்டுகள் ஏறியிறங்கும் துவாரங்கள் வழியாகத் திரும்பவும் தொட்டிக்கே வடிந்து சேருகிறது. ரொக்கரை விட்டு வெளியே வந்த கணத்திலேயே ஒயிலின் அழுத்தம் முழுவதும் அற்றுப்போய்விடுகிறது என்பதே இங்கே கவனிக்க வேண்டிய சூட்சுமம். மூடிக்குள் இருப்பது தெறிக்கும் துளிகளும், தளத்தில் ஓடும் மெல்லிய ஒயிலும், உஷ்ண ஆவியும் மாத்திரமே. அவற்றைத் தடுப்பதற்கு மூடியை மல்யுத்தக்காரன் பலத்தோடு அழுத்தவேண்டிய அவசியம் இல்லை. மைனர் எஞ்சினின் தலையை உடலோடு பிணைக்கும் நட்டுகளுக்குத் தயாரிப்பாளர் விதித்த முறுக்கு 40 அடி இறாத்தல்; அதன் மூடியைப் பிடிக்கும் இரண்டு நட்டுகளுக்கோ வெறும் 4 அடி இறாத்தல். ஓரடி நீளமுள்ள சாவியின் நுனியில் நான்கு இறாத்தல் பாரத்தைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு உண்டாகுமோ அவ்வளவுதான். இரண்டு விரல்களால் பிடித்து இறுக்குவதே ஏறக்குறைய அதற்குச் சமம்.

அந்த இரண்டு நட்டுகளும் மூடியின் நடுமுதுகில் இருக்கின்றன; ஒயிலைத் தடுக்கவேண்டிய விளிம்போ சுற்றிவரக் கீழே இருக்கிறது. அளவுக்குமேல் இறுக்கும்போது நடுமுதுகு கீழே அமிழ்ந்து, விளிம்பின் மூலைகளும் நீண்ட பக்கங்களின் மத்தியும் தளத்தை விட்டு மெல்ல எழும்பிவிடுகின்றன. எழும்பிய இடத்தில் ஒயில் கசிய, அதைக் கண்டு மேலும் இறுக்க, தகடு மேலும் வளைய, இவ்வாறு ஒவ்வோர் இறுக்குதலும் அடுத்த கசிவுக்குக் காரணமாகிறது. நட்டுக்கும் மூடிக்கும் நடுவே கிண்ண வடிவான வாஷரும் அதனடியில் ரப்பர் புஷ்ஷும் வைத்திருப்பதன் நோக்கமே, அழுத்தம் தகட்டின்மேல் மெத்தென்று இறங்க வேண்டும் என்பதுதான். அந்த ரப்பர் கல்லாகச் சமைந்துபோனால், பெக்கிங் எவ்வளவு புதிதாயினும் பயன் இல்லை. நட்டைப் பூட்டும் தண்டு ஏறும் துவாரத்தின் வழியாகவே ஒயில் மேலே வந்து மூடியின் முதுகில் குளம்போல் தேங்கி, ஓரத்தால் வழிந்து, பெக்கிங்கின்மேல் வீண்பழியைச் சுமத்திவிடும்.

பெக்கிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து எஞ்சின்களில் இதற்கு உபயோகித்தது கோர்க்கு. போர்த்துக்கல்லிலும் ஸ்பெயினிலும் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை அது. மரத்தை நட்டு ஏறக்குறைய 25 வருஷங்கள் காத்திருந்து முதற்பட்டையை உரித்து, பின்னர் ஒன்பது வருஷங்களுக்கு ஒருமுறை உரித்தெடுப்பார்கள். உலகத்துக் கோர்க்கில் ஏறத்தாழப் பாதியை இன்றும் விளைவிப்பது, 1560இல் மன்னார்த் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டிய அதே போர்த்துக்கல் தேசந்தான். 1665இல் றொபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி தமது நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்து, நுண்ணிய அறைகள் நெருங்கி நிற்பதைக் கண்டு வியந்ததும் இந்தக் கோர்க்குத் துண்டில்தான். காற்று அடைபட்ட அந்த அறைகளின் விசேஷத்தால், கோர்க்கை அழுத்தும்போது அது பக்கவாட்டில் பிதுங்காமல் தன்னுள்ளேயே ஒடுங்கி, மேடுபள்ளங்களை நிரப்பிக்கொள்கிறது. இவ்வளவு நற்குணங்கள் வாய்ந்த அப்பொருள் உஷ்ணத்தில் வருஷக்கணக்காகக் கிடந்தால் ஈரம் வற்றிச் சுருங்கி, மீளும் சக்தியை இழந்து, விரலால் ஒடித்தால் பிஸ்கட்டாக உடைகிறது. கடையின் அலுமாரியிலேயே பலகாலம் கிடந்த புதுப் பெக்கிங்கும் சுருங்கியிருக்கலாம். மூடியின் அளவுக்குப் போதாமல் தோன்றினால் சற்று நேரம் இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்தால் அது தன் பழைய நீளத்தை மீட்டுக்கொள்ளும்.

இனி, பெக்கிங்கும் நல்லது, மூடியும் நேரானது, இறுக்கமும் அளவானது என்றிருந்தும் ஒயில் வருமாயின், குற்றத்தை எஞ்சினின் சுவாசத்தில் தேட வேண்டும். எந்த எஞ்சினிலும் வெடிவாயுவில் சிறிதளவு பிஸ்ரன் ரிங்குகளைக் கடந்து கீழே இறங்கியே தீரும். அது வெளியேறுவதற்கென்று, மூடியிலிருந்து எயார் கிளீனருக்குச் செல்லும் குழாய் ஒன்றும், எஞ்சினின் பக்கத்திலிருந்து நிலத்தை நோக்கி இறங்கும் குழாய் ஒன்றும் மைனர் எஞ்சினில் வைத்திருக்கிறார்கள். இக்குழாய்கள் கசடாலும் மணலாலும் அடைபட்டால், அல்லது ரிங்குகள் தேய்ந்து வாயு அளவுக்குமிஞ்சி இறங்கினால், எஞ்சினுக்குள்ளே அழுத்தம் மூண்டு, பொங்கும் உலைநீர் மூடியை உந்துவதுபோல ஒயிலை எல்லா இணைப்புகளிலும் உந்தத் தொடங்கும். அப்போது டப்பட் கவரில் எத்தனை பெக்கிங் மாற்றினாலும், ஓரிடத்தில் அடைத்த ஒயில் இன்னோரிடத்தில் வழி தேடிக்கொள்ளும்.

வடபகுதியின் பழைய வாகனங்களைப் பொறுத்தவரை இந்த ரிங் தேய்வுக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையினால் பெற்றோல் தங்கத்துக்கு நிகராயிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கபிறேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். நோயாளியையும் கர்ப்பிணியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்த அந்த உபாயத்தை நான் மனதார மெச்சுகிறேன். எனினும் எஞ்சின் அதற்கொரு விலை கொடுத்தே தீரவேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல முற்றாக ஆவியாவதில்லை. எரியாது எஞ்சிய துளிகள் சிலிண்டரின் சுவரிலுள்ள ஒயிற் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, தொட்டியிலுள்ள ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்தன. நீர்த்த ஒயிலில் ஓடிய ரிங்குகளும் தாங்கிகளும் விரைவிலே தேய்ந்தன. அக்காலத்தைக் கடந்துவந்த எஞ்சின் ஒன்றை இன்று வாங்குகிறவர், அதன் டப்பட் கவர் கசிவை வெறும் பெக்கிங் விவகாரமாக எண்ணிவிடாமல், ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் மூச்சையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது உத்தமம்.

அந்தப் பரீட்சை எளியது. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு ஒயில் மூடியைக் கழற்றினால், மெல்லிய ஆவி இலேசாக எழுவது சுபாவம். நீலப்புகை குப்குப்பென்று துடிப்போடு வெளிப்பட்டால், ஒன்றில் சுவாசக் குழாய் அடைபட்டிருக்கிறது, அல்லது ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. குழாய்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி ஊதிப் பார்த்துவிட்டு மறுபடியும் சோதிக்க வேண்டும். அடைப்பு நீங்கியதும் புகை தணிந்துவிட்டால், காசு செலவில்லாமலே பாதிக் காரியம் முடிந்தது.

கசிவின் பிறப்பிடத்தைக் கண்டுபிடிக்கும் முறைக்கு வருவோம். பழைய எஞ்சினின் உடலில் வருஷக்கணக்கான ஒயிலும் மணலும் கலந்து கரிய களிம்பாகப் படிந்திருக்கும். அதன்மேல் எதைத் தேடினாலும் தெரியாது. எஞ்சின் நன்றாக ஆறியபின், டிஸ்ரிபியூட்டரையும் கபிறேற்றரின் வாயையும் பொலித்தீனால் மூடிக்கட்டி, பழைய தூரிகையும் மண்ணெண்ணெயும் கொண்டு மேலிருந்து கீழாகத் தேய்த்துக் கழுவி, சுத்தமான சீலையால் துடைத்து, முற்றாகக் காயவிட வேண்டும். காயுமுன் எஞ்சினை எழுப்புவது நெருப்போடு விளையாடுவதாகும். காய்ந்ததும், அளவுக் கம்பியை இழுத்து ஒயிலின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மேற்கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தால் அதுவே கசிவை மிகுவிக்கும். பின்னர், மூடியின் விளிம்பைச் சுற்றி வெண்கட்டித் தூளையோ முகப் பவுடரையோ மெல்லத் தூவி, எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால், வெண்மையின் நடுவே ஒயில் புறப்பட்ட இடம் கருங்கோடாகக் காட்சிதரும். ஒயில் கீழ்நோக்கி வழிவது இயல்பு. அதோடு விசிறியின் காற்றும் வாகனத்தின் ஓட்டமும் அதைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. ஆதலால் நனைந்த இடங்களுள் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அங்கேயே கசிவு ஜனிக்கிறது. சொட்டு விழும் இடத்தைக் கொண்டு தீர்மானித்தால் ஏமாந்து போவோம்.

இந்த ஏமாற்றம் எவ்வளவு பெருஞ்செலவில் முடியக்கூடும் என்பதற்கு மைனர் எஞ்சினே உதாரணம். அதன் கிறாங்கின் பின்முனையில், நவீன எஞ்சின்களில் உள்ளதுபோன்ற ரப்பர் சீல் கிடையாது; ஒயிலைத் திருப்பி உள்ளே அனுப்பும் சுருள் தவாளிப்பு ஒன்றை மாத்திரமே கடைந்திருக்கிறார்கள். அங்கிருந்து இரண்டொரு துளி வரும் என்று தயாரித்தவர்களே எதிர்பார்த்து, கிளச் உறையின் அடியில் துவாரமிட்டு, அது அடைபடாதிருக்க ஒரு ஸ்பிளிட் பின்னையும் அதில் தொங்கவிட்டிருக்கிறார்கள். டப்பட் கவரின் பின்மூலையில் கசியும் ஒயிலும் எஞ்சினின் முதுகால் வழிந்து, சரியாக அந்த இடத்திலேதான் வந்து சொட்டும். கீழே குனிந்து பார்ப்பவர், பின்பக்கத்துக் கோளாறென்று முடிவுகட்டி, எஞ்சினையே இறக்கச் சொல்லிவிடுவார். ஒரு கோர்க்குத் துண்டினால் தீரவேண்டிய காரியத்துக்காக, நாட்கணக்கில் வாகனம் கராஜில் கிடக்கும். திரும்பப் பூட்டியபின் கசிவு மாத்திரம் இருந்தபடியே இருக்கும்.

இன்னொரு மறைவிடமும் உண்டு. எஞ்சினின் இடப்பக்கத்தில், மனிபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் இரண்டு சிறு மூடிகளுக்கும் கோர்க்குப் பெக்கிங்தான். மேல்மூடி உலர்ந்து சுத்தமாயிருக்க, இடப்பக்கம் மாத்திரம் நனைகிறதென்றால் அவற்றையே சந்தேகிக்க வேண்டும். அவற்றை அணுகுவதற்கு மனிபோல்டைக் கழற்ற நேரும். ஆதலால் மேல்மூடியின் குற்றமற்ற தன்மையை முதலில் நிச்சயித்துக்கொள்வது கட்டாயம். மேல்மூடியின் இடப்புற ஓரத்தில் கசியும் ஒயில் நேரே சூடான மனிபோல்டின்மேல் விழுந்து புகைவதனால், வாகனத்தினுள் கருகல் நாற்றம் வீசும். அந்த நாற்றத்தை அலட்சியம் செய்யலாகாது. புகைவது ஒருநாள் பற்றியும் எரியலாம்.

பழுது மூடியில்தான் என்று தெளிந்தபின் வேலை சிறிது; சிரத்தையே பெரிது. ஆறிய எஞ்சினில் நட்டுகளைக் கழற்றி, மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் திருப்புளியை நுழைத்து நெம்பாமல், உள்ளங்கையால் அல்லது மரச்சுத்தியலால் பக்கங்களில் மெல்லத் தட்டினால் அது விட்டுக்கொடுக்கும். திருப்புளியின் நுனி விழுந்த இடத்தில் உண்டாகும் வடு அடுத்த கசிவின் வாசல். மூடியை எடுத்தவுடன், புஷ் ரொட்டுகளின் துவாரங்களைச் சீலையால் மூடிவிட்டே பழைய பெக்கிங்கைச் சுரண்ட வேண்டும். உதிர்ந்த துணுக்குகள் தொட்டிக்குள் விழக்கூடாது. சுரண்டுவதற்கு மழுங்கிய பித்தளைத் தகடோ மரச்சீவலோ போதும்.

கழுவிய மூடியைக் கண்ணாடித் தகடு ஒன்றின்மேல் வைத்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். கண்ணாடியின் அடியில் வெளிச்சம் பிடித்து, விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையே கண்ணை வைத்துப் பார்த்தால், பல வருஷத்து இறுக்குதல்களின் வரலாறு அங்கே ஒளிக்கீற்றாகத் தெரியும். ஒரு மூலையில் மயிரிழையாகத் தொடங்கி, பக்கத்தின் நடுவில் நகக்கனம் வரை விரிந்து, மறுபடியும் ஒடுங்கி மறையும் அந்த ஒளிதான் ஒயிலின் வழி. எந்த இடத்தில் ஒளி விரிகிறதோ அங்கே வெண்கட்டியால் அடையாளமிட்டு, விளிம்பைத் தட்டையான மரக்கட்டையின்மேல் வைத்து, சிறு சுத்தியலால் கொஞ்சங் கொஞ்சமாகத் தட்டி, திரும்பத் திரும்பக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து நேராக்க வேண்டும். உப்புக்காற்றில் விளிம்பு துருவேறிக் குழிவிழுந்திருந்தால் அரத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஓட்டை விழுமளவுக்கு அரித்திருந்தால் வேறு மூடியைத் தேடுவதே விவேகம்.

மூடி திறந்திருக்கும் வேளையில் உள்ளே ஒரு பார்வை பார்ப்பது இலாபம். மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் நிறத்தில் நுரை படிந்திருந்தால், குறுந்தூர ஓட்டத்தில் எஞ்சின் போதிய சூடேறாமல் ஈரம் தங்கியிருக்கலாம். ரேடியேட்டரிலும் நீர் குறைந்துவருமாயின், தலையின் பெக்கிங் வழியே நீர் ஒயிலோடு கலக்கிறதென்று அஞ்சவேண்டும். தார்போன்ற கருங்கசடு கட்டியிருந்தால், ஒயில் காலத்தில் மாற்றப்படவில்லை என்று பொருள். வால்வுகளின் இடைவெளியையும் இப்போதே சரிபார்த்துவிடலாம். மைனருக்கும் பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டருக்கும் எஞ்சின் ஆறியிருக்கையில் அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. எட்டு வால்வுள்ள மைனரில் ஒன்பதைக் கொண்டு கணக்கிடுவது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம்: 1ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் 8ஆம் வால்வையும், 3ஆம் வால்வு திறந்திருக்கையில் 6ஆம் வால்வையும், இப்படியே கூட்டுத்தொகை ஒன்பது வரும்படி ஒவ்வொன்றையும் பார்த்துச் செல்வார்கள்.

புதுப் பெக்கிங்கை மூடியின் பக்கம் மாத்திரம் ஒட்டி, தலையின் பக்கத்துக்கு இலேசாக கிறீஸ் பூசினால், அடுத்தமுறை வால்வு சரிபார்க்கும்போது அது கிழியாமல் மூடியோடு சேர்ந்து வரும். புஷ்ஷுகளையும் புதிதாக்கி, நட்டுகளை முதலில் விரலால் பூட்டி, பின்னர் ஒன்றுமாற்றி ஒன்றாக அரைச் சுற்று வீதம் இறுக்கி, மூடி அசையாது அமர்ந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி ஆறவிட்டு, மறுபடி ஒருமுறை விரற்பலத்தில் பார்த்தால் போதும்.

பெக்கிங் கிடையாத வேளையில் லொறி டியூபையோ சைக்கிள் டியூபையோ வெட்டி வைக்கும் யோசனை பலருக்கும் வரும். அதை முற்றாகக் கைவிடச் சொல்வேன். இறப்பர் மரத்துப் பாலானாலும், டியூப் செய்யும் செயற்கை ரப்பரானாலும் கனிய ஒயிலில் ஊதிப் பருத்து, நெளிந்து, வெளியே பிதுங்கிவிடும். ஒயிலைத் தாங்கும் ரப்பர் வேறு இனத்தது. தடித்த மட்டையை அளவாக வெட்டி கிறீஸ் பூசி வைப்பது, ஊர் போய்ச் சேரும்வரை கைகொடுக்கும். சிலிக்கன் பசையை வாரிப் பூசுவதோ அதனினும் பொல்லாதது: உட்புறமாகப் பிதுங்கிய பசை காய்ந்து, நூல்நூலாக அறுந்து, தொட்டிக்கு இறங்கி, பம்பின் வலையை அடைத்துவிட்டால், கசிவை நிறுத்தப்போய் எஞ்சினையே பறிகொடுக்க நேரும்.

இத்தனை நுணுக்கங்களை ஒரு பழைய எஞ்சினுக்காக அறிந்து வைத்திருக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, எருக்கலம்பிட்டியின் அண்மைக்காலமே பதில் சொல்லும். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது, இவ்வூராரும் வீடுகளையும் தொழிற்கருவிகளையும் வாகனங்களையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கடல்வழியே கற்பிட்டிக் கரையில் இறங்கி, புத்தளம் மாவட்டத்தில் இரு தசாப்தங்களைக் கழித்தார்கள். 2009க்குப் பின்னர் திரும்பிவந்து வெறுங்கையோடு வாழ்வைத் தொடங்கிய குடும்பங்களுக்குப் புதிய வாகனம் என்பது எட்டாத விஷயமாயிருந்தது. போதாக்குறைக்கு, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திரும்பவும் திறந்துவிடப்பட்டது 2025 பெப்ரவரியில்தான்; அந்த இடைக்காலத்தில் நாடெங்கும் பழைய வாகனங்களின் விலை கற்பனைக்கெட்டாத உயரத்துக்குச் சென்றது. இந்நிலையில், கையிலிருக்கும் எஞ்சினை ஒழுங்காகப் பேணத் தெரிந்திருப்பது ஒரு குடும்பத்தின் சீவனோபாயத்தைக் காப்பதற்கு ஒப்பாகும்.

கராஜ்காரர்களுக்கும், வீட்டு முற்றத்தில் தாமே வேலைபார்ப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எஞ்சினைக் கழுவிய மண்ணெண்ணெயையும் வடித்த பழைய ஒயிலையும் மணலில் ஊற்றிவிடாதீர்கள். மன்னார்த் தீவின் நன்னீர், மழைக்காலத்தில் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து கிடப்பது. நமது கிணறுகளுக்கு வருவது அந்த நீர்தான். ஒரு மூடியுள்ள தகரக் கொள்கலனைக் கராஜின் மூலையில் நிரந்தரமாக வைத்து, கழிவு ஒயிலின் ஒவ்வொரு துளியையும் அதற்குள் சேர்த்து, வாங்கிச் செல்பவர்களிடம் ஒப்படையுங்கள்.